பொருட்காட்சியில் படுத்திருந்த ராசா

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பேரை வளர்த்தேன். நான்கு பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள், இரண்டு பேர் என் நாத்தனார் போன பிறகு என் மடிக்கு வந்தவர்கள். ஆறு பேரும் நிமிர்ந்து நிற்கிறார்கள், யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கையால் நான் பிடித்த உருவங்களில் ஒன்றுகூட இன்று நிற்கவில்லை. அவற்றில் ஒரே ஒரு முகத்தை மட்டும் இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல, கம்பெனிக்கு ஷிப்டு வேலைக்குப் போகிற என் பேத்தி எழுதுகிறாள். எனக்கு என் பெயரை எழுத வரும், பஸ்ஸில் போட்டிருக்கும் ஊரை எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். அதற்கு மேல் எனக்குத் தேவைப்படவில்லை.

எங்கள் பக்கத்தில் அம்மன் கோயில் தீமிதி என்றால் அன்று காலையில் படுகளம் இருக்கும். போரில் விழுந்த ராசாவை மண்ணால் செய்து, கோயிலுக்கு எதிரே மல்லாக்கப் படுக்கவைப்போம். இரண்டு மாட்டு வண்டி நீளம் இருப்பான். கூத்தாடுகிறவர் ஆடிக்கொண்டே வந்து அவன் தொடையில் ஓங்கி அடிப்பார். உள்ளே புதைத்த சட்டி உடைந்து குங்குமத் தண்ணீர் வரும். அவ்வளவுதான், கூட்டம் பாய்ந்துவிடும். ஆளுக்கு ஒரு பிடி மண்ணை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு போய், நெல் வைக்கிற இடத்தில் போடுவார்கள், நிலத்தில் தூவுவார்கள். அந்த மண் விழுந்த இடம் நிறையும். வெயில் ஏறுவதற்குள் ராசா இருந்த இடம் தெரியாது.

அந்த ராசாவைப் பிடிக்கிறவள் நான். என் அப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்லை. அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியதும் வேலை என்னிடம் வந்தது. முதல் வருஷம் ஊரில் ஒரு பெரியவர் எல்லோரும் கேட்கிற மாதிரி கேட்டார்.

“பொம்பள புடிச்ச ராசாவுக்கு மீச மொளைக்குமா?”

“உனுக்கு மொளைச்சத வுட நல்லாவே மொளைக்கும் மாமா, வந்து பாரு” என்றேன். முளைத்தது. அதற்குப் பிறகு ஒரகடம், சேரப்பணஞ்சேரி என்று சுற்று வட்டாரத்துப் படுகளம் எல்லாம் என்னைத் தேடி வந்தது.

பிள்ளைப்பாக்கத்தில் ஏரிக்கரைக்குக் கீழே எங்கள் கொட்டகை இருந்தது. திருவிழா இல்லாத மாதங்களில் அங்கே மண் குதிரை செய்வேன், காவல் சாமிக்கு முகம் வைப்பேன். ஏரி மண்ணில் மணலும் உமியும் கலந்து என் வீட்டுக்காரர் காலால் மிதித்துத் தருவார். அவர் மிதித்தால் பிசிறு இருக்காது. பொண்டாட்டிக்கு மண் மிதிக்கிறவன் என்று அவரைக் கேலி செய்வார்கள். “ஆமாய்யா, மிதிக்கறேன். உன்ன மாதிரி பொண்டாட்டிய மிதிக்கலியே” என்பார். முகத்தை நான் எப்போதும் கடைசியில்தான் பிடிப்பேன். அந்த நேரம் கொட்டகைக்குள் அவரும் வரக்கூடாது. ஈரக் கோணியை வாசலில் தொங்கவிட்டுவிடுவேன்.

என் மூன்றாவது பிள்ளை நடக்கப் பழகிய வருஷம், பட்டணத்திலிருந்து ஓவிய வாத்தியார் ஒருவர் சேரப்பணஞ்சேரிப் படுகளத்தைப் பார்க்க வந்தார். சனங்கள் மண்ணை அள்ளிக்கொண்டு போன பிறகும் வெயிலில் அப்படியே நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

“ஏம்மா, இவ்வளவு பாடுபட்டுச் செஞ்சது கண் எதிர்ல போயிடுதே, உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?”

“போறதுக்குத்தானே சார் செய்யறது” என்று சொல்லிவிட்டேன். அவர் போய்விட்டார், அவர் கேட்டது போகவில்லை. எனக்கும் ஒன்று நின்றால் என்ன என்று முதல் முறையாகத் தோன்றியது. அந்த ஆசையை அதற்கு முன் யாரும் எனக்குக் காட்டியதில்லை.

அடுத்த மாதமே அவர் கொட்டகைக்கு வந்தார். பட்டணத்துப் பொருட்காட்சியில் ஓவியர்களுக்கு என்று ஒரு பந்தல் போடுகிறார்களாம். அங்கே ஒரு ராசாவை நான் பிடிக்க வேண்டும். பொருட்காட்சி முடிகிற அன்று அவர் அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுத்து, அதே உருவத்தைச் சிமெண்டில் வார்ப்பார். மழையில் கரையாது, யாரும் அள்ள முடியாது. “உங்க பேரன் பேத்தி வந்து பார்க்கலாம்மா” என்றார்.

என் மாமியாருக்கு இது பிடிபடவே இல்லை.

“அம்மன் இல்ல, கூத்து இல்ல. அங்க ராசாவ யாருடி அடிக்கிறது?”

“அடிக்கறதுக்கு இல்ல அத்தே, பாக்கறதுக்கு.”

“பாக்கறதுக்கு ஒரு ராசாவா! காலம் கெட்டுப்போச்சு” என்றவர், நான் கிளம்பும்போது தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டார். பிள்ளைகளையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

ஏரி மண்ணை லாரியில் ஏற்றிக்கொண்டு நானும் வீட்டுக்காரரும் போனோம். பந்தலில் எனக்குப் பக்கத்து இடம் ஒரு இளைஞருக்கு. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி முழுக்க நீலக் கோடாகவே தீட்டியிருந்தார்.

“இன்னா தம்பி இது?”

“மழைதான்க்கா.”

“எங்க ஊர்ல இப்படிப் பேஞ்சா ஏரி ஒடச்சிக்கும்” என்றேன். சிரித்துவிட்டு எனக்கு டீ வாங்கித் தந்தார். அங்கே எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். பொம்பளைக்கு இங்கே என்ன வேலை என்று என்னை யாரும் கேட்கவில்லை. அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது.

வீட்டுக்காரர் மண் முழுவதையும் மிதித்து முடித்தார். முடித்த அன்று மத்தியானம் பந்தல் ஓரத்து நிழலில் அப்படியே மல்லாந்து தூங்கிப்போனார். முழங்கால் வரைக்கும் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. ஒரு கை தலைக்குக் கீழே. வாய் துளி திறந்திருந்தது. இடது புருவம் மட்டும் கொஞ்சம் மேலே, யாரோ கூப்பிட்டதைத் தூக்கத்திலேயே கேட்கிற மாதிரி. உதட்டு ஓரம் சிரிப்பதற்கு முன்னால் ஒரு நொடி எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. குடித்தனம் பண்ணுகிறவளுக்குப் புருஷன் முகத்தைப் பார்க்க எங்கே நேரம்? அன்றைக்குத்தான் உட்கார்ந்து பார்த்தேன். சாயங்காலம் அவர் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார், மாடு கன்று இருக்கிறதே.

உடம்பைப் பிடித்து முடித்து, கோணியைத் தொங்கவிட்டு, முகத்தில் கைவைத்தேன். வழக்கமான உருட்டு விழி வரவில்லை. கை தன் வழியில் போனது. புருவம் வந்தது, வாய் வந்தது, அந்த உதட்டு ஓரமும் வந்தது. மீசையை மட்டும் ராசாவுக்கு ஏற்ற மாதிரி முறுக்கிவிட்டேன். வாத்தியார் கோணியை விலக்கிப் பார்த்தார்.

“அம்மா, இவன் சாகலம்மா. தூங்குறான்.”

பொருட்காட்சிக்கு வந்த சனங்கள் அந்த இடத்துக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஒரு அம்மாள் தன் குழந்தையை “ஷ்” என்று அடக்கினாள். நான் கோணியை நனைத்து நனைத்து, வெடிப்பு விடாமல் காத்தேன். அச்சு எடுக்கும் நாள் நெருங்கியது. பிளாஸ்டர் மூட்டைகள் வந்து இறங்கின.

அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. ஊர்ச் சனம் லாரி பிடித்து என் ராசாவைப் பார்க்க வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்காரர் பையனைத் தோளில் வைத்துக்கொண்டு, அவன் அழுகிறான் என்று ராட்டினத்தில் ஏற்றப் போய்விட்டார். மாமியார்தான் முன்னால் வந்தார். ராசாவைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நின்று காலிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தவர், முகத்தில் நின்றுவிட்டார்.

“அடியே, இது எம்புள்ளடி!”

“ஆமாம் அத்தே” என்றேன். அவரும் சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன்.

“உசுரோட கீற புள்ளய படுகளத்துல படுக்க வச்சிகீறியேடி!”

சொன்னவர் கயிற்றைத் தாண்டிவிட்டார். இரண்டு உள்ளங்கையாலும் முகத்தை வழித்தார். ஈர மண், ஒரே வழிப்பில் போய்விட்டது. வாத்தியார் ஓடி வந்தார். அதற்குள் பின்னால் இருந்த எங்கள் ஊர்ப் பெண்கள், பெரியவள் கைவைத்தாயிற்று, களம் ஆரம்பித்துவிட்டது என்று கயிற்றை மிதித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். “எனுக்கு ஒரு பிடி”, “தொடைப் பக்கம் எடுடீ”, “ஏரி மண்ணுதானே, நம்ம மண்ணுதானே” என்று அள்ளி அள்ளி முந்தானையில் முடிந்தார்கள். காவல்காரர் விசில் ஊதினார். எந்த ஊரில் விசிலுக்குப் படுகளம் நிற்கும்?

எல்லாம் முடிந்த பிறகு வீட்டுக்காரர் பையனோடு வந்தார்.

“இன்னாமே, அதுக்குள்ள ஆயிடுச்சா?”

மாமியார் அவர் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்து அழுதார். விஷயம் தெரிந்ததும் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “எம்மூஞ்சியா? நல்லா இருந்திச்சா?”

“நீ கீற மாதிரிதான் இருந்திச்சு.”

“அப்ப சுமார்தான்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு முந்தின நொடியைத்தான் நான் பிடித்திருந்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

மறுநாளோடு பொருட்காட்சி முடிந்தும், வாத்தியார் பந்தல் பிரிப்பதைத் தள்ளிவைக்கச் சொல்லிப் புது மண் தருவித்தார். பிடித்தேன். மீசை வந்தது, உருட்டு விழி வந்தது, வழக்கமான ராசா. “இதையாவது அச்சு எடுக்கலாம்மா” என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எது நிற்கவேண்டும் என்று நான்தான் சொல்ல வேண்டும்.

ஊருக்குத் திரும்பி வந்த அன்று மாமியார் கேட்டார், “எம்மேல கோவமாடி?”

“இல்ல அத்தே.”

“அவன் கீறானேடி. அது போதாதா?”

போதும் என்றேன். உண்மையிலேயே போதும் என்றுதான் இருந்தது, வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரைக்கும்.

எங்கள் கடைசிப் பெண்ணின் கல்யாணத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார். கம்பெனி ஒன்றில் வாட்ச்மேனாக இருந்தபோது அடையாள அட்டைக்கு எடுத்த படம் ஒன்று இருக்கிறது. அதில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை விரித்துக்கொண்டு, யாரோ மாதிரி இருக்கிறார். அதைத்தான் பெரிதாக்கி மாலை போட்டிருக்கிறார்கள். நான் அதைப் பார்ப்பதில்லை. அந்த முகத்தைத் திரும்பப் பிடிக்க எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன். அவர் பக்கத்திலேயே தூங்கும்போதும் முயன்றேன், போன பிறகும் முயன்றேன். மூக்கு வரும், வாய் வரும், அவர் வரமாட்டார். இப்போது விரல் மடங்குவதில்லை. வாயால்தான் பிடித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

“கண்ணு, எழுதினது போதும். உங்க தாத்தா பந்தல் ஓரமா தூங்கினத சொன்னேன் பாரு, அங்கேர்ந்து படி. மெதுவா படி, ஷிப்டு பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கீது. நான் கண்ண மூடிக்கறேன். புருவம் சரியா வந்துகீதான்னு பாக்கணும்.”