சிவப்பு நூல் கட்டிய பாட்டில்

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் எஸ்தரின் கதையை நான்தான் சொல்ல வேண்டும். அதில் நடந்த தப்பு என்னுடையது.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். ஒற்றைத் தறியோடு பெரிய காஞ்சிபுரத்தில் தொழில் தொடங்கி இன்று எட்டுத் தறி ஓட்டுகிறேன். யார் தோளையும் பிடித்து ஏறியவனில்லை. அதனால் தானாக ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். எஸ்தர் அந்த ஜாதி. அவள் அப்பா ஜெபகுமார் ஏனாத்தூரில் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். இவள் சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலின் ரொட்டி அடுப்பில் ஆறு வருஷம் வேலை செய்தாள். புருஷன் போன பிறகு மகள் ஷாரோனோடு இங்கே வந்து, விடியற்காலை கம்பெனி பஸ் ஏறிப் போய் நாலு மணிக்குத் திரும்புவாள். வாரத்தில் ஆறு நாளும் மகள் தூங்கும்போதே கிளம்புகிற பிழைப்பு.

போன சித்திரையில் ஒரு வழி திறந்தது. ஏனாத்தூர் காலேஜ் பக்கம் காபி கடை போட்ட ஆனந்தகுமார், தினம் பத்து ரொட்டி வேண்டும் என்றான். ஈஸ்ட் போடாமல், மாவைத் தானாகப் புளிக்க வைத்துச் சுடும் ரொட்டி. ஞாயிற்றுக்கிழமை வந்து ருசி பார்ப்பான். பிடித்தால் எஸ்தர் கம்பெனி பஸ்ஸை விட்டுவிடலாம். பிடிக்காவிட்டால் சென்னையிலிருந்து வரவழைத்துக்கொள்வான்.

அந்த ரொட்டிக்கு உயிர் ஒரு பாட்டிலில் இருந்தது. கோதுமை மாவும் தண்ணீரும்தான். காலையும் மாலையும் கொஞ்சம் எடுத்துவிட்டுப் புது மாவு போட வேண்டும். தயிருக்கு உறை மாதிரி. நாற்பது நாளாகப் பிள்ளை மாதிரி ஊட்டி வளர்த்தாள். மாடியில் தகரக் கூரை கொதிக்கிறது என்று என் மனைவி இந்திராணியிடம் கேட்டு, கீழே, நெய்கிறவர் கால் விட்டு உட்காரும் தறிக்குழியின் ஓரத்துக் குளிர்ச்சியில் வைத்தாள். மாவு எவ்வளவு பொங்கியது என்று தெரிய, பாட்டிலைச் சுற்றி ஒரு துண்டு நூல் கட்டியிருந்தாள். நூலும் இந்திராணி கொடுத்ததுதான். சிவப்புப் பட்டு.

இது எதுவும் எனக்குத் தெரியாது.

என் வழக்கம் ஒன்று உண்டு. தறியில் நீளவாக்கில் ஏற்றும் பாவு இழைக்கு விறைப்பு வர அரிசிக் கஞ்சி தடவுவோம். எந்தப் பாவுக்கு எந்தக் கஞ்சி என்று குழம்பாமல் இருக்க, அந்தப் பாவின் நிறத்து நூலைக் கஞ்சிப் பாத்திரத்தில் கட்டி வைப்பேன். இந்தத் தெருவில் இதை முதலில் செய்தவன் நான். புதன்கிழமை காலை தெருவில் சிவப்புப் பாவு விரித்துக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தோம். பாதியில் கஞ்சி தீர்ந்தது. வெயில் ஏறுகிறது. உள்ளே ஓடினேன். தறிக்குழி ஓரத்தில் சிவப்பு நூல் கட்டிய பாட்டில். புளித்த வாசனை. நேற்றைய கஞ்சியும் அப்படித்தான் மணக்கும். கெட்டியாக இருந்தது, தண்ணீர் விட்டுக் கரைத்து, பாட்டிலைக் கழுவி ஊற்றித் தடவிவிட்டேன்.

காய்ந்தபோது இழைகள் ஒன்றோடொன்று அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டன. கையால் பிரித்தால் அறுகிறது.

"இன்னாங்க இது? அரிசிக் கஞ்சி இப்படி ஒட்டாதே" என்றாள் இந்திராணி. பாட்டிலைப் பார்த்ததும் தலையில் கை வைத்தாள். "ஐயையோ, எஸ்தரோட மாவு! எட்டு தறி ஓட்டற மனுசனுக்கு கஞ்சிக்கும் மாவுக்கும் வித்தியாசம் தெரியலியா?"

"நூலு கட்டியிருந்துச்சுடி!"

நாலு மணிக்கு எஸ்தர் மாவுக் கிண்ணத்தோடு இறங்கி வந்தாள். என் தலை குனிந்தது. புடவைக் கடைக்காரன் எவனிடமும் தலை குனியாதவன் நான்.

"ஐயா, இங்க ஒரு பாட்டிலு வெச்சிருந்தேனே?"

"எடுத்துட்டேம்மா. கஞ்சின்னு நெனச்சு பாவுக்குத் தடவிட்டேன்."

அவள் திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். திட்டவில்லை. கழுவிக் கவிழ்த்த பாட்டிலை எடுத்து உள்ளே பார்த்தாள். பிறகு சட்டென்று, "மூடி எங்க? மூடியையும் கழுவிட்டீங்களா?" என்றாள்.

மூடி தறிக்குழிக்குள் விழுந்து கிடந்தது. இந்திராணி இறங்கி எடுத்தாள். உள்பக்கம் மாவு பொருக்காகக் காய்ந்திருந்தது. எஸ்தர் அதை நகத்தால் சுரண்டினாள். கால் ஸ்பூன்கூட இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, ஒரு ஸ்பூன் மாவு போட்டுக் கலக்கினாள்.

"உசுரு இருந்தா எழுந்துக்கும். இல்லாங்காட்டி ஞாயித்துக்கெழமை அவரை வரவாணாம்னு சொல்லிடறேன்" என்றாள். பாட்டிலில் ஊற்றி, மாவுக்குச் சற்று மேலே மறுபடி நூலைக் கட்டினாள்.

வியாழன் முழுக்க ஓர் அசைவு இல்லை. தறியில் உட்கார்ந்தால் கை ஓடவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போய்ப் பார்த்தேன். "மொறைச்சு மொறைச்சுப் பாத்தா பயந்துக்கும், போங்க" என்றாள் இந்திராணி. வெள்ளி காலையில் ஒரு நாற்றம். செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். எஸ்தர் முகர்ந்து பார்த்து, பாதியைக் கொட்டிவிட்டுப் புது மாவு போட்டுப் பஸ்ஸுக்குப் போனாள். அன்று மதியம் பாட்டில் ஓரத்தில் கடுகளவு மூன்று குமிழி. நான் எண்ணினேன். சாயங்காலம் பதினொன்று. சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் மாவு நூலைத் தொட்டு, ஒரு விரல் மேலே ஏறி நின்றது.

"ஏறிடுச்சும்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுத் தறி நின்றது.

ஞாயிறு ஆனந்தகுமார் வந்தான். ரொட்டியை அறுத்து உள்ளே பார்த்தான். மென்றான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ருசி இருக்குதுக்கா. ஆனா உள்ள இறுக்கமா இருக்குதே. நாப்பது நாள் மாவுன்னு சொன்னீங்க?"

எஸ்தர் தரையைப் பார்த்தாள். என்னைக் காட்டிக் கொடுக்க அவளுக்கு வாய் வரவில்லை. எனக்கு வந்தது.

"நாலு நாள் மாவுப்பா அது. நாப்பது நாள் மாவை நான் பாவுல தடவிட்டேன். சந்தேகம் இருந்தா வா, காட்டறேன்."

உள்ளே கூட்டிப் போய், ஒட்டிப் பாழான பாவைக் காட்டினேன், மூடியில் மிஞ்சியதையும் சொன்னேன். தொட்டுப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"மூடியில ஒட்டினதுல இருந்தா இத்தனை எழுப்பினீங்க?" என்று எஸ்தரைக் கேட்டான். "அடுத்த ஞாயிறு வர்றேன்க்கா. அதுவரைக்கும் பெரியவர் கிட்ட போகாம பாத்துக்கங்க."

அடுத்த ஞாயிறு ரொட்டி தேன்கூடு மாதிரி வந்தது. பத்துக் கேட்டவன் பன்னிரண்டு கேட்டான். திங்கட்கிழமை விடியலில் கம்பெனி பஸ் தெருமுனையில் இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. மாடியில் எஸ்தர் ஷாரோனுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

பாட்டில் இன்னும் என் தறிக்குழி ஓரத்தில்தான் இருக்கிறது. அதற்கு நூல் நானே கடையில் வாங்கிக் கட்டினேன். கறுப்பு. முகூர்த்தப் புடவை நெய்கிற என் தறியில் கறுப்பு ஏறியதே இல்லை.