ஏழாம் படுக்கையின் மூன்று தட்டு

மாதம் ஒருமுறை மலைக்குப் போய் முருகனைக் கும்பிடுவேன், ஆனால் பேய் பிசாசு என்றால் எனக்குச் சிரிப்புதான் வரும். பதினாறு வருஷமாக நர்ஸ் வேலை, எத்தனையோ சாவு பார்த்தவள். நம்பினால் நம்புங்கள், இது நடந்தது பட்டப்பகலில்.

கொரோனா இரண்டாம் அலை. திருத்தணியில் எங்கள் வார்டின் ஏழாம் படுக்கையில் அரக்கோணத்துக்காரர் ஒருவர், ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வைரஸ் அரித்து நுரையீரலில் ஓட்டை விழுந்து, காற்று கசிந்து, நுரையீரல் சுருங்கிவிட்டது. நெஞ்சில் குழாய் போட்டு மறுமுனையைக் கீழே தண்ணீர் பாட்டிலில் விட்டிருந்தோம். கசிந்த காற்று அதில் குமிழாக வெளியேறும்; குழாய் அடைத்தால் உள்ளேயே சேர்ந்து நெஞ்சை நெரித்துவிடும். வாயை ஆக்சிஜன் முகமூடி மூடியிருந்ததால், என்னைக் கூப்பிட மோதிரத்தால் கட்டில் கம்பியில் மூன்று தட்டு தட்டுவார். நான் போய் நின்றதும் ஒரு தட்டு, அது நன்றி.

கடைசியாக அவர் தட்டியபோது வேறொருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். "ஒரு நிமிஷம் சார், வந்துகினே இருக்கேன்" என்றேன். போனபோது குழாய் அவர் இடுப்புக்கடியில் மடங்கிக் கிடந்தது, பாட்டிலில் குமிழ் இல்லை, ஆள் போய்விட்டார். மோதிரத்தை நானே கழற்றி மகனிடம் கொடுத்தேன். அவர் தட்டியதை மட்டும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து அதே படுக்கைக்கு அம்மையார்குப்பம் நெசவாளி தனபால் வந்தார். அதே நோய், அதே குழாய். அவர் மனைவி தினமும் போனில், "எங்க வீட்டுக்காரர காப்பாத்துங்கக்கா, வயித்துல புள்ள இருக்குது" என்று அழுவாள்.

மூன்றாம் நாள் மதியம் மேஜையில் எழுதிக்கொண்டிருந்தேன். கம்பியில் மூன்று தட்டு. பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன். தனபாலின் உதடு நீலம் பாரித்திருந்தது, பாட்டிலில் குமிழ் இல்லை, குழாய் இடுப்புக்கடியில் மடங்கியிருந்தது. இழுத்து நிமிர்த்தினேன். குபுகுபுவென்று குமிழ் கிளம்பியது, மூச்சு வந்தது.

ஓடிவந்த டாக்டர், "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா போயிருப்பாரு, எப்படிம்மா கவனிச்ச?" என்றார்.

"அவருதான் சார் தட்டினாரு."

"எந்தக் கையால?"

அப்போதுதான் பார்த்தேன். முகமூடியைப் பிடுங்குகிறார் என்று காலையில் நானேதான் தனபாலின் இரண்டு கைகளையும், விரல்கூட வெளியே தெரியாமல், பஞ்சு சுற்றிக் கட்டியிருந்தேன்.

தனபால் பிழைத்துக்கொண்டார், பெண் குழந்தை பிறந்தது, போட்டோ அனுப்பினார்கள். ஆனால் அன்று நான் போய் நின்ற பிறகு அந்த ஒரு தட்டு வரவில்லை. டாக்டர் போன பிறகும் கட்டில் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன், "வந்துட்டேன் சார்" என்றுகூடச் சொன்னேன். இன்றைக்கும் ஏழாம் படுக்கையைத் தாண்டும்போது காதைத் தீட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்கிறேன். இன்னும் வரவில்லை.