காலத்துக்குக் கூட்டல் குறி

சார், முனிரத்தினத்தின் கணக்கைப் படிக்காமலேயே தப்பு என்று அடித்தவர் நீங்கள். போன மாதம் திருப்பதியில் நம் கல்லூரியின் பழைய மாணவர் கூட்டத்தில், அவன் கம்ப்யூட்டர் சம்பளத்துக்கு ஆசைப்பட்டு இயற்பியலை விட்டு ஓடினான் என்று மைக்கில் சொன்னீர்கள். அது பொய். ஜெர்மனியில் வேலைக்குப் போகும் ரயிலில் அந்த வீடியோவைப் பார்த்தேன். இறங்க வேண்டிய நிலையத்தில் இறங்கவில்லை.

இந்த நாட்டுக்கு வந்த முதல் வாரம் ஒரு சின்ன விஷயம் எனக்கு வினோதமாக இருந்தது. யார் கணக்குப் போட உட்கார்ந்தாலும் முதலில் தாளின் மேல் மூலையில் ஒரு வரி எழுதுகிறார்கள். காட்ரின் என்ற சக ஆய்வாளர், நீ காலத்துக்குக் கூட்டல் போடுவாயா கழித்தலா என்று என்னைக் கேட்டார். பரீட்சை வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, கழித்தல்தான் சரி என்று விறைப்பாகச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சரி என்று இதில் எதுவும் கிடையாது, எதுவானாலும் மேலே எழுதிவிடு, படிக்கிறவர் குழம்பக் கூடாது என்றார். சார்பியலில், அதாவது ரிலேட்டிவிட்டியில், காலத்துக்கு ஒரு குறி, இடத்தைக் குறிக்கும் வெளிக்கு அதன் எதிர்க்குறி. எதற்கு எது என்பது அவரவர் வழக்கம். விடை மாறாது. இதைக் கேட்டதும் எனக்கு முனிரத்தினத்தின் நோட்டுதான் கண்ணில் வந்தது.

அவனும் நானும் கார்வேட்டிநகரத்துப் பக்கம் ஒரே ஊர். இரண்டு வீட்டிலும் நிலம் கிடையாது. அவன் நைனா கரும்பு வெட்டப் போவார். சோவியத் நாடு உடைந்த சமயத்தில், மீந்துபோன ரஷ்யப் புத்தகங்கள் திருப்பதி பஸ் ஸ்டாண்டு அருகே தரையில் கொட்டிக் கிடந்தன. அதில் ஒன்றை வைத்துத்தான் அவன் சார்பியல் படித்தான். அதில் காலத்துக்குக் கூட்டல். உங்கள் நோட்ஸ் அமெரிக்கப் புத்தகத்திலிருந்து வந்தது. அதில் கழித்தல். இரண்டு வழக்கம் உண்டென்று எங்களுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை, அல்லது பார்க்கப் பொறுமை இல்லை.

எங்கள் இருவருக்கும் நீங்கள் ஒரே கணக்கைக் கொடுத்தீர்கள். சுழலும் கருந்துளை சுற்றியுள்ள வெளியையே இழுத்துக்கொண்டு சுற்றும். அப்போது அங்கிருக்கும் காந்தக் கோடுகள் எவ்வளவு முறுக்கிக்கொள்ளும்? அவன் நாற்பது பக்கம் போட்டான். கடைசியில் நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதினான். கருந்துளையின் நடுவில் வெளியின் வளைவு முடிவிலிக்குப் போகிறது, அங்கே சார்பியலுக்குச் சொல்ல எதுவும் இல்லை, வேறு கொள்கை வேண்டும் என்று. ஹாஸ்டல் மொட்டை மாடியில் இதை என்னிடம் வேறு மாதிரி சொன்னான்: "ரிலேட்டிவிட்டியும் நம்மூரு பஸ்ஸு மாதிரிதான்டா. ஒரு ஸ்டாப்போட நின்னுடும். அப்பால எறங்கி நடந்துதான் போவணும்."

நீங்கள் முதல் பக்கத்தில் குறிகளைப் பார்த்தீர்கள். நாற்பது பக்கத்துக்கும் சிவப்புக் கோடு இழுத்தீர்கள். வகுப்பே கேட்கும்படி தெலுங்கில் சொன்னீர்கள்: "லெக்க தப்பு ரா. ஃபிசிக்ஸ் நீ வல்ல காது. கம்ப்யூட்டர் நேர்ச்சுகோ." கணக்குத் தப்பு, இயற்பியல் உன்னால் ஆகாது, போய்க் கம்ப்யூட்டர் கற்றுக்கொள் என்று. அப்போது தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்திருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அந்த வாரமே அவன் படிப்பை நிறுத்தினான்.

உங்கள் மேசையிலிருந்து அவன் நோட்டை எடுத்து வந்தவன் நான். கடைசி விடையைப் பார்த்தேன். நீங்கள் சரி போட்ட என் விடையேதான். எல்லாமே தப்பென்றால் விடை எப்படிச் சரியாக வந்தது என்று எனக்கு உறுத்தியது. வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்க உங்கள் சிபாரிசுக் கடிதம் வேண்டியிருந்தது. வாயைத் திறக்கவில்லை.

இப்போது கருந்துளையின் ஓரத்து வாயுவிலிருந்து வரும் ஒளியைப் படித்து, அங்கே காந்தக் கோடுகள் எப்படித் திரும்பியிருக்கின்றன என்று கண்டுபிடிப்பது என் வேலை. முனிரத்தினம் திருமலையில் ஒரு விடுதியில் பக்தர்களுக்கு அறை ஒதுக்குகிறான். போன வருடம் ஊருக்குப் போனபோது அவன் கவுண்டரில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நான் தப்பு போடலியா?"

"இல்லடா."

"ஒனக்கு எப்ப தெரியும்?"

"அங்க போன மொத வாரமே."

அவன் கம்ப்யூட்டர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "என் பொண்ணு கணக்கு கேக்கறப்பல்லாம், ஒங்கப்பனுக்குக் கணக்கு வராதும்மான்னு சொல்லிக்கினு இருந்தேன்டா, இத்தினி வருசமா."

வரிசையில் இருந்தவர் தெலுங்கில் அவசரப்படுத்தினார். அவன் அவருக்கு அறை எண்ணைத் தட்டிக் கொடுத்தான். பிறகு கேட்டான்: "சாரு நாலு பேரு எதிர்ல சொன்னாரு. நாலு பேரு எதிர்ல ஒத்துக்குவாரா?"

நான் உங்களுக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. மேடையில் பொய்தான் வந்தது.

அவன் நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. முதல் பக்கத்தின் மேல் மூலையில், அவன் எழுதாமல் விட்டதை நான் எழுதினேன்: காலம், கூட்டல். கதவில் என் பெயர்ப் பலகை, மேசையில் அவன் கணக்கு. நடுவில் உட்கார்ந்திருக்கிற நான் இந்த ஊர்க்காரனும் இல்லை. அவன் கவுண்டர் முன்னால் போய் நிற்கவும் இனி முகம் இல்லை.

என் குற்றத்தை இந்தக் கடிதத்தில் என் பெயர் போட்டு அச்சில் எழுதிவிட்டேன். அடுத்த கூட்டத்தில் அதே மைக்கைப் பிடித்து நீங்கள் சொல்லுங்கள், சார். அந்த நோட்டின் இரண்டாம் பக்கத்தைப் படித்தீர்களா, இல்லையா? அவன் மகள் அங்கே வந்து உட்கார்ந்திருப்பாள்.