குறட்டை நின்றதும் வந்த மயில்கள்

பாடாலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் மக்காச்சோளம் காயும் காலத்தில் எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் களத்தில் கட்டிலைப் போட்டு நான் படுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். என் குறட்டைச் சத்தத்துக்கு ஒரு மயில் கிட்டே வராது. பக்கத்துச் சோளக்காரர்கள்கூட என் கட்டிலைத் தங்கள் குவியலோரம் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். எனக்குக் கூச்சமெல்லாம் இல்லை, பெருமையாகத்தான் இருந்தது.

மற்ற நேரமும் தூக்கம்தான். முடிவெட்டப் போனால் தூங்குவேன். கல்யாணப் பந்தியில் இலை போடுவதற்குள் தூங்கிவிடுவேன். ஒருமுறை டிராக்டர் ஓட்டும்போதே கண் அசந்து, வண்டியை வரப்பில் ஏற்றிவிட்டேன். "ஒழைக்கிற ஒடம்பு, அசதி இருக்காதா?" என்றார்கள். நானும் அதையே நம்பினேன்.

போன அறுவடையில் என் மனைவியின் தம்பி களத்துக்கு வந்திருந்தான். நல்ல தூக்கத்தில் என்னைப் பிடித்து உலுக்கினான். விழித்தால், நாலைந்து மயில்கள் சோளத்தைக் கொத்திக்கொண்டிருக்கின்றன.

"வெரட்டாம என்னை ஏன்டா எழுப்புற?"

"மயிலு கெடக்குது மாமா. நீங்க கொறட்டைய நிறுத்துனா அதுங்க வருது, ஆரம்பிச்சா ஓடுது. ஏன் நிறுத்துறீங்கன்னு மூக்குல கைய வச்சுப் பாத்தேன். மூச்சே இல்ல மாமா."

நன்றாக இருக்கிறவனுக்கு நோய் கட்டிவிடுகிறானே என்று அவனைத் திட்டித் தீர்த்தேன். ஆனால் வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி ஆச்சரியப்படவே இல்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. மறுநாளே பெரம்பலூருக்குக் கிளம்பினோம்.

டாக்டரம்மா என் கழுத்தை டேப் வைத்து அளந்தார். காலையில் தலை வலிக்கிறதா, வாய் வறண்டுபோகிறதா, பகலில் தூக்கம் தள்ளுகிறதா என்று கேட்டார். நான் "இல்லீங்க" என்று சொல்லச் சொல்ல, பக்கத்திலிருந்து மனைவி "இருக்குதுங்க" என்றாள்.

"மூச்சு நிக்கிறத நீங்க பாத்துருக்கீங்களாம்மா?"

"தெனமும்தாங்க. நின்னா ஒரு உலுக்கு உலுக்குவேன், திரும்ப வந்துரும். சின்னவன் பொறந்ததுலேருந்து இப்படித்தாங்க. சொன்னா பயந்துருவாருன்னு சொல்லல."

சின்னவன் இப்போது காலேஜில் படிக்கிறான். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

விரலில் ஒரு கிளிப், நெஞ்சில் ஒரு பட்டை, மூக்கில் ஒரு குழாய் மாட்டி, ஒரு ராத்திரி அங்கேயே தூங்க வைத்தார்கள். தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய்தான் என்று உறுதியானது. காற்றை ஊதும் மிஷினை முகத்தில் மாட்டிக்கொண்டுதான் தூங்க வேண்டும், பகல் தூக்கம் தெளியும்வரை டிராக்டரைத் தொடக் கூடாது என்றார் டாக்டரம்மா. மிஷினும் முகமுமாக என்னைப் பார்த்து, ஆஸ்பத்திரிக்குத் துணையாக வந்திருந்த சின்னவன் சிரித்தான். கண்ணாடியில் பார்த்து நானும் சிரித்தேன்.

வீட்டில் அதை மாட்டிக்கொண்டு படுத்த முதல் நாள், விழித்தபோது தலை லேசாக இருந்தது. ஜன்னல் வழியாக வெயில் கட்டில்வரை வந்திருந்தது. இந்நேரம் பால் கறந்து முடித்திருக்க வேண்டிய மனைவி, வாயைத் திறந்தபடி அடித்துப்போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. கொட்டகையில் மாடு கத்தத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் எங்கே விழித்துவிடுவாளோ என்று, சொம்பை எடுத்துக்கொண்டு நானே ஓடினேன்.