துரைக்கு ஒன்று, வேலியோரம் ஒன்று

எங்கள் வீட்டில் எல்லார் பெயருக்குப் பின்னாலும் பார்க்கர் என்று ஒரு வால் உண்டு. மூங்கில்துறைப்பட்டு ரேஷன் கடை வரிசையில் வெள்ளைக்காரப் பெயரோடு நின்ற ஒரே குடும்பம் நாங்கள்தான். அப்பா சர்க்கரை ஆலை வாசலில் காவலாளி. நல்ல கறுப்பு. வெயிலில் நின்று நின்று நிறம் போய்விட்டது என்பார். ஆலையில் 'துரை' என்று கேலி செய்வதையும் மரியாதையாகவே எடுத்துக்கொண்டார். பார்க்கர் என்றால் சீமையில் பிரபுக்களின் வேட்டைக்காட்டைக் காவல் காத்தவர்கள் என்று ஒரு வாத்தியார் சொன்னதிலிருந்து, காக்கிச்சட்டையைத் தினமும் இஸ்திரி போட ஆரம்பித்தார்.

கோயில் கல்லறைத் தோட்டத்தில் ஒரு பார்க்கர் துரை படுத்திருந்தார். கல்லறைத் திருநாள்தோறும் அவருக்குச் சுண்ணாம்பு அடித்து, மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவோம். எனக்குப் பத்து வயதானபோது, அதில் 'எங்கள் பாட்டனார்' என்று கல் பதிக்க அப்பா ஆசைப்பட்டார். வம்சத்தைப் பிழையில்லாமல் எழுதவேண்டுமே என்று என்னையும் கூட்டிக்கொண்டு சாமியாரிடம் போனார். அவர் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"துரைக்குக் கல்யாணமே ஆவலப்பா. பஞ்சத்துல கல்வராயன் மலையிலேர்ந்து ஒரு பொம்பள எறங்கி வந்து, கோயில் வாசல்ல கொழந்தையோட வுழுந்து செத்துட்டாளாம். அந்தக் கொழந்ததான் உங்க பாட்டன். துரை ஞானத்தகப்பனா நின்னு தன் பேரக் குடுத்திருக்காரு."

"அந்தம்மா பேரு இன்னாங்க, சாமி?"

"எழுதல. எங்க பொதைச்சாங்கன்னும் இல்ல."

திரும்பி வரும்போது அப்பா சைக்கிளை மிதிக்கவில்லை, தள்ளிக்கொண்டே வந்தார். எனக்கோ, துரையின் பேத்தி என்று வகுப்பில் அளந்துவிட்டதை இனி எப்படிச் சமாளிப்பது என்பதுதான் கவலை.

அந்த வருஷத் திருநாளில் அப்பா துரைக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றினார். இன்னொன்றைக் கொண்டுபோய், மலை தெரிகிற வேலியோரம் வெறுந்தரையில் நட்டு ஏற்றினார். அங்கே கல்லறையே கிடையாது. என் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இங்க யாருப்பா கீறாங்க?" என்றேன்.

"தெரியல கண்ணு. எங்கனா இருப்பாங்க."

அவர் கை கழுவப் போன சமயம், அதைப் பிடுங்கித் துரையின் கல்லறையில் வைத்துவிட்டேன். வந்தவர் வேலியோரத்தைப் பார்த்தார். பிறகு என் விரலில் ஒட்டியிருந்த மெழுகைப் பார்த்தார். திட்டவில்லை. "வா, வூட்டுக்குப் போவலாம்" என்றார்.

தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். பிள்ளையை மட்டும் பிழைக்கவைத்துவிட்டுச் செத்தவளுக்கு அத்தனை காலத்தில் யாரோ ஏற்றிய முதல் மெழுகுவத்தி அது என்பதோ, அதைப் பிடுங்கியது அவள் ரத்தம் என்பதோ எனக்கு அப்போது தெரியாது.