மைக்கேல் அண்ணன் ரத்தம்

போன சனிக்கிழமை விடியற்காலை காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனேன். திரும்பி வரும்போது பையில் அரைக் கிலோ சங்கரா இருந்தது. வயிற்றில் எரிச்சல் இருந்தது.

எரிச்சல் எனக்குப் புதிதல்ல. மைக்கேல் அண்ணன் குடும்பம் காசிமேட்டிலிருந்து காலடிப்பேட்டைக்கு, எங்கள் எதிர்வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்தே அது இருக்கிறது.

மனிதருக்கு எழுபது வயது ஆகப்போகிறது. சொந்தமாக ஒரு ஃபைபர் படகு. இருதயராஜ், அந்தோணி என்று கல்யாண வயதைத் தாண்டிய இரண்டு பிள்ளைகள். அவர்களோடு இன்றைக்கும் கடலுக்குப் போகிறார். வந்ததும் வாசலில் உட்கார்ந்து, டீயில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கிக் குடிக்கிறார் – என் கண் எதிரிலேயே!

நான்? அவரைவிடப் பல வயது இளையவன். வெந்தயத் தண்ணீர், கேழ்வரகுக் கஞ்சி, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மாத்திரை, பின்னால் ஒன்று...

"இன்னா சார், எப்பப் பாரு கஞ்சி குடிச்சிகினு கீற? ஒரு ஜிலேபி துன்னு சார். ஒண்ணியும் ஆவாது" என்பார்.

ஆகாதுதான். அவருக்கு!

போன வருடம் எங்கள் ஏரியாவில் இலவச சுகர் கேம்ப் நடந்தது. தெருவே வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தது. சில வாரம் கழித்து ஒரு வெள்ளைக் கார் எங்கள் தெருவில் வந்து நின்றது. ஐஸ் பெட்டியோடு ஒரு பெண்ணும் இரண்டு இளைஞர்களும் இறங்கினார்கள். பத்திரிகையில் எழுதுகிறவன் ஆயிற்றே, என்னைத்தான் தேடி வருகிறார்கள் என்று சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

என்னிடம் வழி கேட்டுவிட்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

விஷயம் இதுதான். வந்தவர்கள் மருந்து ஆராய்ச்சி செய்கிறவர்கள். மைக்கேல் அண்ணன் வம்சத்தில் அப்பா, தாத்தா யாருக்கும் சர்க்கரை வியாதி இல்லையாம். அவர் ரத்தத்தில் ஏதோ விசேஷமான ஜீன் இருக்கலாமாம். கண்டுபிடித்துவிட்டால் உலகத்துக்கே மருந்து செய்யலாமாம். அண்ணன், அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா, இரண்டு பிள்ளைகள் – நான்கு பேரும் கையை நீட்டினார்கள். இங்கிலீஷில் இருந்த காகிதங்களில் கையெழுத்தும் போட்டார்கள். பரிசாக ஒரு சுவர்க்கடிகாரம் வந்தது.

நான் வாராவாரம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் ரத்தத்தைச் சீண்ட ஆளில்லை. டீயில் மூன்று ஸ்பூன் போடுகிறவருக்குக் கடிகாரம்! ஒருவேளை நிஜமாகவே அந்த மாத்திரை வந்தால், முதலில் காசு கொடுத்து வாங்கி விழுங்கப்போவது யார்? நான்தான். எதிர்வீட்டு மனிதரின் ரத்தத்தை மெடிக்கல் ஷாப்பில் வாங்க வேண்டிய தலையெழுத்து எனக்கு.

போன மாதம் அந்தக் கார் மறுபடி வந்தது.

இந்த முறை தெருவே வேடிக்கை பார்த்தது. அந்தோணி புதுச்சட்டை போட்டு, கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, ஊசிக்குத் தயாராக நின்றான். ஐஸ் பெட்டிப் பெண் கையில் இருந்த லிஸ்டைப் பார்த்துவிட்டு, சிரித்த முகத்தோடு சொன்னாள்:

"இவருது வேணாம் அங்கிள். போன தடவை இவர் சாம்பிள் ஃபேமிலியோட மேட்ச் ஆகலை. நீங்களும் பெரிய பையனும் வந்தா போதும்."

அந்தப் பெண்ணுக்கு அது ஒரு டியூப். அவ்வளவுதான். ஆனால் தெருவுக்கு?

அத்தனை கண்களும் மெல்லத் திரும்பின – ஸ்டெல்லா அக்காவின் பக்கம். பக்கத்துவீட்டு அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா தலை குனிந்து நின்றார்.

மைக்கேல் அண்ணனுக்கு வந்ததே கோபம்!

"இன்னாத்துக்கு அல்லாரும் அவளப் பாக்கறீங்கோ? அந்தோணி என் தோஸ்து சேகரு புள்ள. சேகரு என் கண்ணு முன்னால கடல்ல பூட்டான். அவன் பொஞ்சாதி இவனப் பெத்துப் போட்ட கையோட பூட்டா. பால் குட்த்து வளத்தவ இவ. போதுமா? அல்லாரும் வூட்டுக்குப் போங்க!"

மனைவியின் மானத்தைக் காப்பாற்றிவிட்டார். ஆனால் அத்தனை வருடம் மூடி வைத்ததை மகன் காதில் போட்டு உடைத்துவிட்டார். அந்தோணி மடித்த சட்டைக் கையை இறக்கிவிடாமலே தெருவைத் தாண்டிப் போனான். எம்.கே.பி. நகரில் ஒரு சிநேகிதன் வீட்டில் இருப்பதாகப் பிறகு தெரிந்தது.

அன்று ராத்திரி எனக்கு ஒரே யோசனை. ஒரு சொட்டு ரத்தத்தை வைத்து ஒரு குடும்பத்தின் உள்விஷயம் வரைக்கும் படித்துவிடலாம் என்றால், அந்த ஐஸ் பெட்டிக்குப் பூட்டு எங்கே? சாவி யாரிடம்? சர்க்கரையைப் பார்க்கிறேன் என்று எடுத்துப் போனவர்கள், அப்பன் யார் என்றும் பார்த்துக்கொண்டு வந்தார்களே... அதற்கு இவர்கள் எங்கே கையெழுத்துப் போட்டார்கள்? நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்களும், வேலை கொடுக்கிற முதலாளியும், இன்ஷூரன்ஸ்காரரும் இதே டியூப்பைக் கேட்டு வாங்கிப் பார்க்க மாட்டார்கள் என்று என்ன நிச்சயம்?

ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஒரு மாதமும் மைக்கேல் அண்ணன் மேல் எனக்குப் பொறாமையே வரவில்லை. டீயில் சர்க்கரையைப் போட்டுவிட்டுக் கலக்க மறந்து உட்கார்ந்திருந்தார், பாவம்.

எல்லாம் போன சனிக்கிழமை வரைக்கும்தான்.

காசிமேட்டில், ஏலத்துக்குப் போகிற மீன் போனபிறகு, படகுக்காரர்கள் வீட்டுக் குழம்புக்கென்று கொஞ்சம் ஒதுக்கிக் கூறு போடுவார்கள். ஓரவஞ்சனை என்று யாரும் சொல்லக்கூடாது பாருங்கள், அதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் மீனுக்கு முதுகைக் காட்டி நிற்பார். இன்னொருவர் ஏதாவது ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். முதுகைக் காட்டி நிற்பவர் பெயர் சொல்வார். சொன்னால் சொன்னதுதான்.

அன்று மைக்கேல் அண்ணன் கடலைப் பார்த்து நின்றார். இருதயராஜ் தொட்டுக் கேட்டான்.

"இது யாருக்கு?"

"எனுக்கு."

"இது?"

"உனுக்கு."

"இது யாருக்கு நைனா?"

"அந்தோணிக்கு."

மகன் போன நாளிலிருந்து தினமும் அந்தப் பெயரைச் சொல்கிறாராம். அந்தக் கூறு அப்படியே ஸ்டெல்லா அக்காவிடம் போகுமாம். அக்கா சமைத்துத் தனியாக மூடி வைப்பாராம். இருதயராஜ்தான் என் காதருகில் சொன்னான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் வாய் நின்றுவிட்டது.

எனக்குப் பின்னால் அந்தோணி நின்றிருந்தான். கண்ணெல்லாம் சிவந்து, தாடியோடு. குனிந்து அந்தக் கூறைப் பார்த்தான் – அத்தனையும் பொடிப்பொடியான காரப்பொடி மீன்.

"இன்னா நைனா நீ! எனுக்கு மட்டும் எப்பவும் காரப்பொடியே வருது... அண்ணனுக்கு மட்டும் சங்கராவா? இன்னா நாயம் இது?"

மைக்கேல் அண்ணனின் முதுகு ஒரு முறை குலுங்கியது. ஆனால் மனிதர் திரும்பவில்லையே! கடலைப் பார்த்தபடியே கத்தினார்:

"வந்த கூற எட்துகினு வூட்டுக்குப் போடா, கய்தே! ஆத்தாக்காரி இன்னும் துன்னாம கீறா!"

"போறேன் போறேன். அந்த சங்கராவுல பாதி குடு."

"ஒரு மீனு கெடியாது!"

அங்கேயே, அத்தனை பேர் மத்தியில், இரண்டு பேரும் மீனுக்குச் சண்டை போட்டுக்கொண்டார்கள். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கண்ணும் நிறைந்தது, வயிறும் எரிந்தது.

என் பையன் அமெரிக்காவில் இருக்கிறான். என் மூக்கு, என் நெற்றி, டெஸ்டே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். "சுகர் எவ்ளோப்பா? டேப்லெட் எடுத்துக்கறீங்களா? ஓகேப்பா." அவ்வளவு மரியாதை. என்னிடம் ஒரு துண்டு மீனுக்கு அவன் கடைசியாக எப்போது சண்டை போட்டான் என்று யோசித்துப் பார்க்கிறேன்... ஞாபகம் வரவில்லை.

மறுநாள் காலை மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தேன். எகிறியிருந்தது.

"நேத்து மீன்தானே சாப்ட்டீங்க? மீனுக்கு சுகர் ஏறாதே!" என்றாள் என் மனைவி.

மீனால் ஏறியதென்று யார் சொன்னது?