ஒன்பது ஐம்பது, ஜேர்மன் நேரம்

"அப்ப அவ்வளவு பேரும் செத்தது எங்கட அப்பாவாலதானோ?" என்று சூசைதாசன் அண்ணை கேட்டார்.

"பதிவு அப்பிடித்தான் சொல்லுது அண்ணை" என்றேன். என் தொழிலில் நான் வாய்திறந்து சொன்னவற்றில் படுமோசமானது அதுதான்.

நான் பழைய பதிவு தேடுகிறவன். மேற்கு லண்டனில் ஓர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து, குடும்பங்கள் கேட்கும் கப்பல் கடதாசிகளைப் படித்துச் சொல்வேன். லண்டனுக்கு வரமுன் ஜேர்மனியில் ஆறு வருடம் ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவியதில் ஜேர்மன் மொழியும் வாசிப்பேன். அந்தத் தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது.

அண்ணையின் தகப்பன் உலகப்போரில் ஒரு பிரிட்டிஷ் சரக்குக் கப்பலில் சமையல்காரர். அத்திலாந்திக்கில் கப்பல்கள் கான்வாயாக, வரிசை வரிசையாகப் போகும். இருட்டினால் ஒரு பொட்டு வெளிச்சமும் வெளியே தெரியக்கூடாது. ஒருநாள் இரவு இவர் குசினி யன்னலைத் திறந்துவிட்டார். மறுநாள் இரவு ஜேர்மன் நீர்மூழ்கிகள் கூட்டமாக வந்து அடித்தன. கப்பல் கடலுக்குள் தாண்டது, அவரும் போனார், கூட வேலை செய்த ஊர்க்காரர் நான்கு பேரும் போனார்கள். தப்பி வந்தவர்கள், ஜேர்மன்காரர் சமையல்காரனின் லைற்றைப் பார்த்துத்தான் வந்தார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். அந்த நான்கு வீட்டாரும் அதற்குப் பிறகு அண்ணையின் தாயோடு முகம்கொடுத்துப் பேசவில்லை.

"நாளைக்கு அக்காவுக்கு நெஞ்சில ஒப்பரேசன். இதை அறியாமல் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டன் எண்டு நிக்கிறா" என்று சொல்லித்தான் அண்ணை அன்று காலையில் வந்தார்.

மேசையில் இரண்டு கடதாசி. ஒன்று கான்வாய்த் தலைவரின் அறிக்கை. 43ஆம் இலக்கக் கப்பல், அதாவது நான்காவது வரிசையில் மூன்றாவதாகப் போன அண்ணையின் தகப்பனின் கப்பல், இரவு ஒன்பது பத்துக்கு வெளிச்சம் காட்டியது என்று அதில் இருந்தது. மற்றது, கான்வாயை முதலில் கண்ட நீர்மூழ்கியின் நாட்குறிப்பு. அவர்களின் முறைப்படி முதலில் காண்கிற படகு தனியே அடிக்காது. பின்னாலேயே வந்து, வயர்லஸில் தலைமையகத்துக்கு அறிவித்து, மற்றப் படகுகள் சேர்ந்தபிறகுதான் அடி விழும். ஆகவே முதல் படகு எப்போது கண்டது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நாட்குறிப்பில் ஒன்பது ஐம்பது. வெளிச்சம் காட்டி நாற்பது நிமிடம். விரலை வைத்துக் காட்டினேன். அண்ணை கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அவர் போனபிறகு அந்த வரியை முழுதாக மொழிபெயர்த்து ரைப் பண்ணினேன். 'மேற்கே புகை. கான்வாய் தெரிகிறது.' கை அப்படியே நின்றுவிட்டது. ஒரு யன்னல் வெளிச்சம் குற்றமாகிற அளவு இருட்டு. அதற்கும் நாற்பது நிமிடம் கழித்து எவன் தூரத்துப் புகையைக் கண்டான்?

"அட மடையா!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்து மேசை வெள்ளைக்காரர் திடுக்கிட்டுப் பார்த்தார்.

ஜேர்மன் நீர்மூழ்கி எந்தக் கடலில் நின்றாலும் பெர்லின் நேரத்தைத்தான் எழுதும். அந்த வருடம் அது கிறீனிச்சைவிட இரண்டு மணித்தியாலம் முன்னால். கான்வாய் எழுதியது கிறீனிச் நேரம். அவனுடைய ஒன்பது ஐம்பது சமையல்காரருக்கு ஏழு ஐம்பது. சூரியன் அப்போதுதான் விழுந்திருக்கும். இது எனக்குத் தெரியாததா? புதிதாக வருகிறவர்களுக்கு இதை வகுப்பெடுக்கிறவனே நான்தான்.

போன் அடித்தேன், எடுக்கவில்லை. மூன்று தரம் அடித்துவிட்டு இரண்டு கடதாசியின் பிரதியையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். கிளப்பம் ஜங்ஷனில் ரெயின் மாறினேன். அக்கா அதைக் கேட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிற மாதிரியே கண்ணுக்குள் வந்துகொண்டிருந்தது. என் அவசரம் தெரியாமல் ரெயின் நடுவழியில் நின்றுவிட்டது. எனக்கு அழுகையே வந்தது.

தோர்ண்டன் ஹீத்தில் அக்காவின் வீட்டுக் கதவை அண்ணைதான் திறந்தார்.

"அக்காவுக்குச் சொல்லிப்போட்டியளோ?"

"ஓம், சொல்லிப்போட்டன்."

அவர் என்னைக் கிட்ட இழுத்துக் குரலைக் குறைத்தார். "அப்பாவில பிழையில்லை எண்டு சொன்னனான். பொய்தான். நாளைக்கு நெஞ்சை வெட்டப்போறாங்கள், வேற என்னத்தைச் சொல்ல?"

"அது பொய்யில்லை அண்ணை. நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "ஆரடா அது, கடதாசி பாக்கிற தம்பியோ? உள்ள வரச்சொல்லு. அப்பாவில பிழையில்லை எண்டு உவன் மூக்கைச் சொறிஞ்சு சொறிஞ்சு சொன்னவன், நான் நம்பேல்லை."

கட்டிலருகே உட்கார்ந்து இரண்டு கடதாசியையும் விரித்து, நேரக் கணக்கைச் சொன்னேன். அக்கா விரல் மடித்து இரண்டு மணித்தியாலத்தைக் கழித்துப் பார்த்தார்.

"அப்ப அப்பா வெளிச்சம் காட்டினது?"

"காட்டினவர்தான் அக்கா. அதை மாத்த ஏலாது. ஆனால் அதுக்கு ஒரு மணி இருபது நிமிசத்துக்கு முன்னமே அவங்கள் கண்டிட்டாங்கள்."

அண்ணை சுவரைப் பார்த்துக்கொண்டு விம்மினார். அக்கா அழவில்லை. கடதாசியை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தார்.

"காலமை என்ர தம்பிக்குப் பிழையாச் சொன்னனீரோ?"

"ஓம் அக்கா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

ஒப்பரேசன் நல்லபடி முடிந்து அக்கா இன்னும் ஒன்பது வருடம் இருந்தார். அன்றிலிருந்து, எந்தக் கடதாசியிலும் நேரத்தைப் பார்க்கமுன் அது எவனுடைய மணிக்கூடு என்று மேலே எழுதிவிட்டுத்தான் வாசிக்கிறேன். இந்த வேலைக்கு வருகிறவர்களும் அப்படிச் செய்யுங்கள். அப்படியும் பிழை வரும். வந்தால் என்ன செய்யவேண்டும் என்பதை அக்கா அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"பிழை எண்டு கண்டவுடன நீர் ஓடி வந்திட்டீர். அம்மாட்ட ஒருத்தரும் வரேல்லை."